ஒன்பதாவது

வானொலி மைனஸ் மூன்று என்றது.
சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு
வெல்டா கத்தரியை எடுத்தாள்.
எனக்கு டார்ச்.

கௌயா ஆற்றுப் பக்கமிருந்து
காற்றே இல்லை. அதுதான் கெட்ட குறி.
மேகமிருந்தாலும் தப்பிக்கலாம்.
இன்றோ வானம் துடைத்துக் கவிழ்த்த தட்டு.

"கீழே பிடி. கீழே.
என் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்?"

டேலியாக்கள் நிறமில்லாமல் நின்றன.
டார்ச் தொட்டபோது மட்டும்
ஒன்று கத்தரிக்காய், ஒன்று மாட்டு ஈரல்,
ஒன்று எங்கள் வயதில் யாரும் உடுத்தத் துணியாத மஞ்சள்.
தண்டுக்குள் குழல். வெட்ட வெட்ட
என் மணிக்கட்டில் சொட்டுகிறது நீர்,
இப்போதே ஊசி மாதிரி.

மொட்டுகளையும் விடவில்லை.
"இது மலராதே" என்றேன்.
"இங்கே விட்டாலும்தான்."

இந்தக் கிழங்குகள் நான் நட்டவை அல்ல.
ஆர்விட்ஸ் நட்டார், அவளுடைய முதல் கணவர்.
பதினொரு வருடமாய் அவற்றைத் தோண்டி,
மண் உதறி, மரத்தூளில் புதைத்து
நிலவறையில் காப்பவன் நான்.
மே மாதம் திரும்ப நடுவதும் நான்.
எங்கள் இருவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம்,
அவர் கையெழுத்துதான் இல்லை.

சமையலறையில் பாத்திரம் போதவில்லை.
ஊறுகாய் ஜாடிகள், கெஃபிர் பாட்டில், பால் கேன்,
கடைசியில் என் இடது ரப்பர் பூட்ஸ்.
வலதில் ஓட்டை.

பிறகு எண்ண ஆரம்பித்தாள்.
எங்கள் ஊரில் உயிரோடிருப்பவர்க்கு ஒற்றைப்படை,
இறந்தவர்க்கு இரட்டைப்படை.
பூக்கடைக்காரி அதைக் கேட்டுவிட்டுத்தான் காகிதம் கிழிப்பாள்.

பேருந்து ஓட்டும் உனாவுக்கு ஐந்து.
பல் மருத்துவருக்கு மூன்று, வலிக்காமல் பிடுங்கியதற்கு.
பேச்சுவார்த்தை இல்லாத தங்கைக்கு ஏழு,
"வாங்கினால் வாங்கட்டும்."
ஆர்விட்ஸுக்கு ஆறு.
அதை நான்தான் கொண்டுபோவேன்,
சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாய்க் கட்டி.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஸெல்மாவுக்கு ஒன்பது.
காகிதம் சுற்றும்போது
ஒன்று கழுத்தொடிந்தது.

எட்டு.

வெல்டா கையை இழுத்துக்கொண்டாள், சுட்டதுபோல்.
சூப் தீய்ந்துகொண்டிருந்தது.
இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜாடி ஜாடியாய்ப் பார்த்தாள்.
ஐந்தில் ஒன்றை எடுத்தால் உனா போய்விடுவாள்.
ஏழில் எடுத்தால் தங்கை.
ஆறில் எடுத்தால்
ஆர்விட்ஸ் எழுந்து வந்துவிடுவார்.
"வந்தால் எங்கே படுப்பார்?" என்றேன்.
சிரிக்க மாட்டாள் என்று நினைத்தேன். சிரித்தாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு.
பூட்ஸை மட்டும் அவள் தொடவே இல்லை.

டார்ச்சோடு திரும்பவும் போனேன்.
தோட்டத்தில் தண்டுகள் மட்டும்,
வாய் திறந்த குழல்களாய்.
வேலியோரம் காய்ந்த சோம்புக்கீரை இருந்தது,
விதை கணக்கில் சேருமா தெரியவில்லை.
குப்பைக்குழிக்குப் பின்னால்
யாரும் விதைக்காத ஒரு சாமந்தி,
பாதியை நத்தை தின்றிருந்தது,
மீதியின் ஓரத்தில் பனி உப்பு மாதிரி ஏறியிருந்தது.
கத்தரி இல்லை. நகத்தால் கிள்ளினேன்.

"இதுவா?"
"இதுதான்."
நடுவில் செருகினாள். அசிங்கமாய்த்தான் இருந்தது.
ஒன்பது.

விளக்கை அணைக்கும்முன்
என் பூட்ஸில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணினேன்.
இன்னொரு முறை எண்ணினேன்.

காலையில் தோட்டம்
வேகவைத்த கீரையாய்க் கறுத்துக் கிடந்தது.
ஆர்விட்ஸின் ஆறிலிருந்து
வாலில் இடுக்கி வைத்த பூச்சி ஒன்று இறங்கி
என் ரொட்டியை நோக்கி நடந்தது.
வெளியே விட்டால் செத்துப்போகும்.
தட்டை நகர்த்திக்கொண்டேன்.

"மண் இளகட்டும்" என்றாள் வெல்டா,
"மத்தியானம் தோண்டலாம்."